டோபி காட்டில் சிற்றலையும் சிறைக்கூடமும்

சிங்கப்பூர் நேயர்களுக்கு டோபி காட் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்ச்சர்ட் சாலை முடிந்து பிராஸ் பாசா சாலை தொடங்கும் இடம் அது. இன்று மூன்று ரயில் தடங்கள் பூமிக்கடியில் அங்கே கூடுகின்றன. பெயரில் மட்டும் பழைய நீர்த்துறை ஒன்று மிஞ்சியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள், அவ்வழியே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். டோபி என்றால் வண்ணார். காட் என்றால் படித்துறை. நம்மவர்கள் அந்த இடத்தை வண்ணான் தெரு என்றே அழைத்து வந்தார்கள். ஓடை இப்போது கால்வாயாகிக் காங்கிரீட்டுக்குள் மறைந்துவிட்டது.

வானொலியின் வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் இந்த முச்சந்தி முக்கியமானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே இரண்டு கட்டடங்கள், கூப்பிடு தூரத்தில், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றிலிருந்து வானொலி பேசியது. மற்றொன்றில், வேறு வானொலியைக் கேட்டவர்களை அடித்து நொறுக்கினார்கள். முதலாவது கேத்தே கட்டடம்; இரண்டாவது ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். இவ்விரண்டிற்கும் நடுவே இருந்த சிக்கல், வானொலிப் பெட்டிக்குள் ஏரியல் கம்பி வந்து சேரும் அந்த முதல் சில அங்குலங்களைப் பற்றியது என்று சொன்னால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதைத்தான் இன்று நாம் விளக்க முற்படுகிறோம்.

கேத்தே கட்டடத்தை எழுப்பியவர் லோக் வான் தோ. அதன் திரையரங்கு 1939 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. குளிர்சாதன வசதியோடு அமைந்த அரங்கு அது. டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேர் படத்துக்காகப் போனார்கள், எத்தனை பேர் குளிர்ச்சிக்காகப் போனார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் எழுந்த பதினாறு மாடிக் கோபுரம் அந்நாளில் நகரத்திலேயே உயரமானது. போர் நெருங்கிய காலத்தில் மலாயா ஒலிபரப்புக் கழகமும், பிரிட்டிஷ் தகவல் அமைச்சின் தூரகிழக்குப் பணியகமும் இக்கட்டடத்தில் இடம் பிடித்தன. பணியகத்தின் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஸ்காட். அவர் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மறுபடி வருவார்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஊரின் பெயர் சியோனான் ஆயிற்று. கேத்தே கட்டடத்தில் ஜப்பானியரின் ஒலிபரப்புத் துறையும் பிரசாரத் துறையும் குடியேறின. அவ்வாண்டு ஜூலை மாதம், கொள்ளையடித்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களின் வெட்டுண்ட தலைகளைக் கட்டடத்தின் அருகே மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். புதிய ஆட்சி மக்களுக்கு முதலில் சொல்ல விரும்பிய செய்தி அது.

அதே கட்டடத்தின் அரங்கில் இந்தியர் வரலாற்றின் பெரிய நாள் ஒன்றும் வந்தது. 1943 ஜூலை 4 அன்று சுபாஷ் சந்திர போஸ் அங்கே இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21 அன்று அங்கேயே தற்காலிகச் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். அவ்வரசில் பிரசார அமைச்சராக இருந்த எஸ். ஏ. ஐயர் தமிழர், போருக்கு முன் பாங்காக்கில் ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் நிருபராக இருந்தவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்த் தொழிலாளிகள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. சிங்கப்பூரிலிருந்து சிற்றலையில் கிளம்பிய ஆசாத் ஹிந்த் ஒலிபரப்பை இந்தியாவில் பலர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். அதே மாதங்களில் சிங்கப்பூரில் சிலர், தங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, டெல்லியின் ஒலிபரப்பைக் கேட்டார்கள். இரு பக்கமும் ஒரே அயனிமண்டலம்தான் ஏணியாக நின்றது. ஆனால் இப்பக்கத்தில் கேட்டதற்குரிய விலை மிக அதிகமாக இருந்தது.

ஜப்பானிய ஆட்சி வானொலிப் பெட்டிகளைப் பறித்துக்கொண்டு போய்விடவில்லை. பறித்துவிட்டால் தன் குரலைக் கேட்க ஆள் இருக்காதே! பெட்டிகளைப் பதிவு செய்யச் சொன்னார்கள். சிற்றலையை வாங்கும் பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். உள்ளூர் நிலையம் கேட்கும் மத்திய அலை தொடர்ந்து வேலை செய்யும். டெல்லி, லண்டன், சான் பிரான்சிஸ்கோ வந்து சேரும் சிற்றலை வேலை செய்யாது. அதாவது, பெட்டியின் ஒலிபெருக்கியையோ, மின்வழங்கியையோ, பின்னால் உள்ள வால்வுகளையோ அவர்கள் தொடவில்லை. ஏரியலுக்கு அடுத்தாற்போல் உள்ள முன்நிலையைத்தான் வெட்டினார்கள். வானொலி நுட்பம் அறிந்த ஒருவர் கொடுத்த யோசனையாகத்தான் இது இருக்க வேண்டும். எந்த அலை உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்பதைத் தீர்மானிப்பது அந்த இடமே.

முன்நிலை என்பது என்ன? நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள டெல்லியிலிருந்து புறப்பட்ட சிற்றலை, வானத்து அயனிமண்டலத்தில் மோதித் திரும்பி, ஒன்றிரண்டு தாவலில் சிங்கப்பூர் வந்து சேருகிறது. நம் வீட்டு ஏரியலில் அது எழுப்பும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பங்கு அல்லது சில பத்துப் பங்கு. காதுக்கருவியோ ஒலிபெருக்கியோ பேசவேண்டுமானால் இதைப் பல்லாயிரம் மடங்கு, ஏன், லட்சம் மடங்குகூடப் பெருக்க வேண்டும். ஒரு வால்வு ஒரு தடவையில் அவ்வளவு பெருக்காது. ஆகவே ஒன்றின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாகக் கொடுத்து, பெருக்கிகளை அடுக்கடுக்காக வைக்கிறார்கள். பத்து மடங்கு பெருக்கும் மூன்று வால்வுகளை வரிசையாக வைத்தால் பத்துப் பத்து நூறு, நூறு பத்து ஆயிரம்.

கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தாலும் காரியம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் வால்வுக்குள் மூன்றாவது மின்முனையைச் செருகிப் பெருக்கிக்கு வழி வகுத்தார். ஆனால் அத்தகைய மூன்றுமுனை வால்வுகளை உயர் அதிர்வெண்ணில் இரண்டு மூன்றாக அடுக்கியபோது, அவை பெருக்குவதை விட்டுவிட்டு ஊளையிடத் தொடங்கின. வெளியீட்டிலிருந்து ஒரு சிறு பகுதி வால்வின் உள்ளேயே உள்ள நுண்ணிய மின்தேக்கம் வழியாக உள்ளீட்டுக்குத் திரும்பிப் போனதே காரணம். அமெரிக்கப் பேராசிரியர் ஹேசல்டைன் 1920-களின் தொடக்கத்தில், அந்தக் கசிவுக்கு எதிரான சம அளவு மின்னோட்டத்தை வெளியிலிருந்து ஊட்டி ஊளையை அடக்கினார். 1920-களின் இறுதியில் திரைமுனை வால்வுகள் கடைக்கு வந்தன. வால்வுக்கு உள்ளேயே ஒரு மெல்லிய வலைத்திரை நின்று கசிவைத் தடுத்தது. அதற்குப் பின்தான் பெருக்கிகளை அடுக்குவது வீட்டுப் பெட்டிகளில் நிம்மதியான காரியமாயிற்று.

இதற்கு நேர்மாறான வழியில் போனவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். ஊளையிட வைக்கும் அந்தக் கசிவையே அவர் வேலைக்காரன் ஆக்கினார். 1912-ல், மாணவராக இருந்தபோதே, வால்வின் வெளியீட்டில் ஒரு பகுதியை வேண்டுமென்றே உள்ளீட்டுக்குத் திருப்பி ஊட்டினார். அலை மறுபடி பெருகும், மறுபடி திரும்பும், மறுபடி பெருகும். ஊளை தொடங்குவதற்கு ஒரு மயிரிழைக்கு முன்னால் குமிழைப் பிடித்து நிறுத்தினால், ஒரே வால்வு ஒரு வரிசைப் பெருக்கிகள் செய்யும் வேலையைச் செய்துவிடும். இதை மீளூட்ட வாங்கி என்று சொல்லலாம். இதே ஆம்ஸ்ட்ராங்தான் 1918-ல் சூப்பர் ஹெட்டரோடைன் முறையையும் கண்டார். வீட்டுப் பெட்டிகள் அனைத்தும் பிற்பாடு அந்த வழிக்கே வந்தன. ஆனால் நம் கதைக்கு வேண்டியது அவருடைய முதல் கண்டுபிடிப்பே.

பெருக்கினால் போதுமா? பெருக்கியில் அலையோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். வால்வுக்குள் மின்னணுக்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து விழுவதால் ஓர் இரைச்சல் உண்டு என்று 1918-ல் ஷாட்கி காட்டினார். எந்த மின்தடையும், சூடாக இருக்கிற காரணத்தாலேயே, சும்மா கிடக்கும்போதும் இரைகிறது என்று 1928-ல் பெல் ஆய்வகத்தின் ஜான்சன் அளந்து காட்டினார். அங்கேயே பணியாற்றிய நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னார். இந்த இரைச்சலை எந்தத் தச்சராலும் சீவி எறிய முடியாது. பொருள் வெப்பமாக இருக்கும்வரை அது இருக்கும்.

இங்கேதான் அடுக்கின் வரிசை முக்கியமாகிறது. டோபி காட்டின் பழைய ஓடையையே எடுத்துக்கொள்வோம். வரிசையாக ஐந்து பேர் படித்துறையில் துவைக்கிறார்கள். மேல்துறையில் நிற்பவர் சேற்றைக் கலக்கினால் கீழே உள்ள நால்வருக்கும் கலங்கல் நீர்தான். கடைசித் துறையில் நிற்பவர் கலக்கினால் பாதகமில்லை. பெருக்கிகளின் அடுக்கும் அப்படியே. முதல் பெருக்கி சேர்த்த இரைச்சலைப் பின்னால் வருபவை எல்லாம் பெருக்கித் தள்ளும். மூன்றாவது பெருக்கி சேர்க்கும் இரைச்சலோ, ஏற்கெனவே பெருத்துவிட்ட அலைக்கு முன்னால் எடுபடாது.

இதை எண்ணாக எழுதியவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹெரால்ட் ஃப்ரீஸ், ஆண்டு 1944. வானொலிப் பொறியாளர்கள் இரைச்சலை வெப்பநிலையாகக் குறிப்பது வழக்கம். ஆற்றலைப் பத்து மடங்கு பெருக்கும் மூன்று பெருக்கிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 300 பாகை கெல்வின் அளவு இரைச்சல் தருவதாகவும் கொள்வோம். முதலாவதன் பங்கு முழு 300. இரண்டாவதன் பங்கு பத்தில் ஒன்று, 30. மூன்றாவதன் பங்கு நூறில் ஒன்று, 3. ஆக மொத்தம் 333. இப்போது கையில் ஒரே ஒரு நல்ல பெருக்கி, 100 பாகை உள்ளது, கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முதலிடத்தில் வைத்தால் மொத்தம் 133. கடைசியில் வைத்தால் 331. விலை ஒன்றே, பெருக்கம் ஒன்றே. வைத்த இடத்தில் இவ்வளவு வித்தியாசம்! முன்நிலைக்கு ஒரு பொறியாளர் தன் பணத்தில் பெரும்பகுதியைச் செலவழிப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

ஃப்ரீஸின் கணக்கு எங்கே உயிர்நாடியாகிறது என்பதற்கு நமக்குத் தெரிந்த இரண்டு இடங்களைக் காட்டலாம். சிங்கப்பூரின் முதல் துணைக்கோள் தரைநிலையம் 1971-ல் செந்தோசாவில் திறக்கப்பட்டது. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலை மிக நலிந்தது. ஆனால் அது வரும் அதிர்வெண்ணில் வானம் அமைதியானது. ஆகவே பெட்டியின் சொந்த இரைச்சலே பகை. அக்காலத்துப் பெரிய தரைநிலையங்களில் முதல் பெருக்கியை ஹீலியத்தின் உதவியால் பூஜ்யத்துக்குக் கீழே 250 பாகை செல்சியஸ் வரை குளிரவைத்தார்கள். இரண்டாவது பெருக்கிக்கு அந்த உபசாரம் கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை.

மற்றொன்று தமிழ்நாட்டில், உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் உள்ளது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் முடிக்கப்பட்ட வானொலித் தொலைநோக்கி அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவு அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஒத்திருப்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. இத்தகைய சரிவைத் தேடிப்பிடித்ததே ஒரு சாமர்த்தியம். அதன் குவியத்தில் 1056 இருமுனை ஏரியல்கள் உள்ளன. தொடக்கத்தில் பல ஏரியல்களின் அலைகளைக் கம்பி வழியே கூட்டிச் சேர்த்து, அதன் பிறகே பெருக்கினார்கள். கம்பி வழியில் அலையில் பாதி இழந்தால் என்ன ஆகும்? கம்பியும் அறை வெப்பத்தில் இருப்பதால் தன் பங்குக்கு 290 பாகை இரைச்சல் சேர்க்கும். பின்னால் வரும் 300 பாகைப் பெருக்கி இப்போது 600 பாகைக்குச் சமமாகிவிடும். மொத்தம் 890. 1990-களின் தொடக்கத்தில் ஒவ்வோர் ஏரியலின் பின்னாலும் தனித்தனியே ஓர் இரைச்சல் குறைந்த பெருக்கியை வைத்தார்கள். அதே எஃகுச் சட்டம், அதே மலை. தொலைநோக்கியின் கூர்மையோ பல மடங்கு உயர்ந்தது.

இனி டோபி காட்டுக்குத் திரும்புவோம். முதல் பெருக்கி இவ்வளவு முக்கியம் என்றால், போர்க்காலச் சிங்கப்பூரில் ஒளிந்து கேட்டவர்களுக்கு அப்படிப்பட்ட அருமையான பெருக்கி எங்கே கிடைத்தது? கிடைக்கவில்லை. அது அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

காரணம் வானத்தில் இருக்கிறது. சிற்றலை அதிர்வெண்களில் வானமே இரைகிறது. பூமத்திய ரேகைக்கருகில் ஓயாமல் மின்னும் இடிமேகங்கள் ஒரு பக்கம். பால்வெளி மண்டலமே இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதைக் கண்டறிந்தவர் கார்ல் ஜான்ஸ்கி, 20.5 மெகாஹெர்ட்சில் இடி இரைச்சலை ஆராயப்போய், 1930-களின் தொடக்கத்தில், விண்மீன் கூட்டத்திலிருந்தே ஒரு சீற்றொலி வருவதைக் கேட்டார். அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன ஃப்ரீஸ்தான். பத்து மெகாஹெர்ட்ஸ் அளவில் இந்த வெளி இரைச்சல் அறை வெப்ப இரைச்சலைப்போல் பல நூறு மடங்கு. இடி மிகுந்த இரவில் ஆயிரம் மடங்குக்கும் மேல். முன்னே சொன்ன உவமையில், ஓடை மலையிலிருந்து வரும்போதே கலங்கிவிட்டது. முதல் துறைக்காரர் எவ்வளவு கவனமாகத் துவைத்தாலும் நீர் தெளியப்போவதில்லை. அவர் சற்றுக் கலக்கினாலும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. வானத்து இரைச்சலை மீறி ஒலிக்கும் வலு டெல்லியின் அலைக்கு இருந்தது. எனவே பழைய வால்வு ஒன்று, கையால் சுற்றிய கம்பிச்சுருள் ஒன்று, ஒரு கண்டென்சர், ஒரு காதுக்கருவி, சில முழம் கம்பி ஆகியவை போதும். ஆம்ஸ்ட்ராங்கின் மீளூட்டம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால்தான் சாங்கியிலும், சயாம்–பர்மா ரயில்பாதை முகாம்களிலும் இருந்த கைதிகளால் தண்ணீர்க்குப்பிக்குள்ளும் துடைப்பத்தின் தலைக்குள்ளும் வாங்கிகளை அடக்க முடிந்தது. நான்கு ஐந்து பெருக்கிகளை அடுக்கியிருந்தால் குப்பியில் இடம் ஏது? அவற்றைச் சூடாக்க மின்கலம் ஏது?

இத்தகைய சிறு வாங்கிக்குக் குறையும் உண்டு. குமிழைச் சற்று அதிகமாகத் திருப்பினால் அது ஊளையிடும். ஊளையிடும்போது, ஏரியல் வழியாகத் தானே ஒரு சிற்றலையை வெளியே வீசும். 1920-களில் இங்கிலாந்தில் அண்டைவீட்டாருக்குள் இதனால் பெருஞ்சண்டைகள் நடந்தன. ஒருவர் குமிழைத் திருகினால் தெருவே கீச்சிட்டது. இதற்கு மருந்து, மீளூட்ட வால்வுக்கு முன்னால் ஒரு தனிப் பெருக்கியை நிறுத்துவது. அது அலையைப் பெரிதாகப் பெருக்காவிட்டாலும், உள்ளே வருவதை விட்டு வெளியே போவதைத் தடுக்கும் வாயிற்காவலனாக நிற்கும். ஒளிந்து கேட்பவனுக்கு, இரைச்சலைக் குறைக்கும் முதல் பெருக்கியைவிட, வாயை மூடும் முதல் பெருக்கியே அதிகப் பயன் என்பது நம் கருத்து.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிற்றலைச் சுருளை வெட்டியது பெரிய தடையே அல்ல. வெட்டிய சுருளுக்குப் பதிலாகச் சில சுற்றுக் கம்பியை, விவரம் தெரிந்த ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் சுற்றிவிடுவார். பெட்டிக்குள் போட்ட பூட்டு அவ்வளவு மெலிந்தது. தடையை உண்மையில் காத்து நின்றது, சாலைக்கு அப்புறம் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம்.

1911-ல் கட்டப்பட்ட அந்தச் சிவப்புச் செங்கல் மாளிகையை ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் தன் கிழக்குப் பிரிவுத் தலைமையகமாக எடுத்துக்கொண்டது. இளைஞர்கள் தங்கவும் விளையாடவும் கட்டிய அறைகள் விசாரணைக் கொட்டடிகளாயின. ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டவர், கேட்டவர் சொன்னதைக் கேட்டவர், பெட்டிக்கு வால்வு கொடுத்தவர் என எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது.

1943 செப்டம்பர் 26 இரவு சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் வெடித்துச் சிதறின. ஆஸ்திரேலியாவிலிருந்து மேஜர் ஐவன் லயன் தலைமையில் வந்த குழுவின் வேலை அது. அவர்கள் வந்த படகு, முன்னாளில் ஜப்பானிய மீன்பிடிப் படகாக இருந்தது. அதற்கு கிரெயிட், அதாவது கட்டுவிரியன், என்று பெயர் மாற்றியிருந்தார்கள். ஆறு பேர் மூன்று மடிப்புத் தோணிகளில் துடுப்புப் போட்டுப் போய், கப்பல்களின் அடியில் காந்த வெடிகளை ஒட்டிவிட்டு வந்த வழியே திரும்பினார்கள். கெம்பெய்த்தாய் இப்படி ஒன்றைக் கற்பனைகூடச் செய்யவில்லை. சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த ஐரோப்பியக் குடிமக்கள்தான், ஊருக்குள் உள்ளவர்களின் துணையோடு, வானொலி மூலம் துப்புக் கொடுத்தார்கள் என்று முடிவு கட்டியது.

அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை காலை, சாங்கிச் சிறையைச் சுற்றி வளைத்துச் சோதனையிட்டார்கள். பத்தாம் மாதம் பத்தாம் நாள் என்பதால் வரலாற்றில் இதற்கு இரட்டைப் பத்து நிகழ்ச்சி என்று பெயர். சிறைக்குள் வானொலி வாங்கிகள் அகப்பட்டன. அனுப்பி எதுவும் அகப்படவில்லை. இல்லாதது எப்படி அகப்படும்? வாங்கி என்பது காது. அனுப்பி என்பது வாய். இந்த வேறுபாட்டை ஒரு பள்ளிச் சிறுவனுக்கும் விளக்கிவிடலாம். விசாரித்தவர்களுக்கோ, காது இருந்ததே வாய் இருந்ததற்குச் சான்றாகப் போயிற்று. பல மாதங்கள், இல்லாத ஓர் அனுப்பியின் இருப்பிடத்தைக் கேட்டு மனிதர்களை வதைத்தார்கள்.

பிடிபட்டவர்களில் ராபர்ட் ஸ்காட் ஒருவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேத்தே கட்டடத்தில் தகவல் பணியகத்தை நடத்தியவர் என்பதே அவரைப் பெரிய ஒற்றராகக் காட்டப் போதுமானதாயிற்று. சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் பேராயர் லியோனார்ட் வில்சன் மற்றொருவர். நகருக்குள் இருந்து பிடிக்கப்பட்டவர்களில் சோய் குன் ஹெங், அவர் மனைவி எலிசபெத் சோய் ஆகியோரை நாம் தனியே சொல்ல வேண்டும். அவர்கள் மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை ஒன்றை நடத்தி வந்தார்கள். சாங்கியிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் வழியாக உணவு, மருந்து, பணம், கடிதம் ஆகியவற்றையும், வானொலிக்கு வேண்டிய உதிரிப் பாகங்களையும் உள்ளே சேர்ப்பித்தார்கள். முதலில் கணவரைப் பிடித்தார்கள். அவரைப் பற்றி விசாரிக்கப் போன எலிசபெத்தையும் பின்னர் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் அடைத்தார்கள். ஆண்கள் நிறைந்த நெருக்கமான கொட்டடியில், உட்கார்ந்தபடியே, ஏறத்தாழ இருநூறு நாள் இருந்தார். மின்சாரம் பாய்ச்சினார்கள், கணவரை அழைத்துவந்து அவர் கண்முன்னே அதைச் செய்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள அவரிடம் அனுப்பி எதுவும் இருக்கவில்லை.

இந்த வழக்கில் 57 பேர் வதைக்கப்பட்டனர். 15 பேர் மாண்டனர். அவர்களை விசாரித்த கட்டடத்திலிருந்து சாலையைக் கடந்தால் கேத்தே அரங்கு. வதை உச்சத்தில் இருந்த அதே அக்டோபரில்தான் அங்கே தற்காலிக அரசின் பிரகடனமும் நடந்தது. ஓர் அரங்கில் ஆயிரக்கணக்கானவர்களின் விடுதலை முழக்கம். எதிர்ப்புறக் கொட்டடியில் இந்த ஓலம். நம்மவர்களின் வரலாற்று நூல்கள் முதலாவதை விரிவாக எழுதுகின்றன. இரண்டாவதை அதே பக்கத்தில் எழுதியதாக நாம் கண்டது குறைவு. அரங்கில் இருந்த தோட்டத் தொழிலாளியை இதற்காக யாரும் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கேட்டது கேத்தேயின் ஒலிபெருக்கி மட்டுமே. ஆயினும் ஒரே தெருமுனையில் நடந்தவற்றை இரண்டு நூல்களாகப் பிரித்துப் படிப்பது சரியல்ல.

1945 செப்டம்பரில் ஜப்பானியர் சரணடைந்தனர். அவ்வாண்டின் இறுதியில் மௌண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கேத்தே கட்டடத்துக்கு வந்தது. மறு ஆண்டு ரேடியோ மலாயாவும் அங்கிருந்து ஒலிக்கலாயிற்று. 1946 மார்ச் 18 அன்று இரட்டைப் பத்து வழக்கில் கெம்பெய்த்தாயைச் சேர்ந்த 21 பேர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். ஏப்ரல் 15 அன்று தீர்ப்பு வந்தது: எட்டுப் பேருக்கு மரண தண்டனை, மூவருக்கு ஆயுள், மூவருக்குக் குறைந்த சிறைக்காலம், ஏழு பேர் விடுதலை. ராபர்ட் ஸ்காட் பிற்காலத்தில் தென்கிழக்காசியாவுக்கான பிரிட்டிஷ் தலைமை ஆணையராக அதே சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தார். எலிசபெத் சோய் 1951-ல் சட்டமன்ற உறுப்பினரானார், 2006-ல் காலமானார்.

பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தை 1981-ல் இடித்தார்கள். அதே இடத்தில் 1984-ல் புதிய கட்டடம் எழுந்தது. வாசலருகே கெம்பெய்த்தாயைப் பற்றிய நினைவுக்கல் ஒன்று உள்ளது. கேத்தேயின் முகப்பு மட்டும் 2003-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. பின்னால் இருந்த கோபுரம் போய், 2006-ல் புதுக் கட்டடம் வந்தது. ரயிலேறப் போகும் நேயர்கள் இரண்டு வாசல்களுக்கும் இடையே நடந்து பார்த்தால், ஐந்து நிமிடம்கூட ஆகாது.